இரண்டு ராகு காலங்கள்

அவரிடம் இரண்டு கடிகாரங்கள் இருந்தன. இடது மணிக்கட்டில் கட்டியிருந்தது மலாயா நேரம் காட்டும். சங்கிலி போட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தது மதராஸ் நேரம் காட்டும். மதராஸுக்கு அவர் ஒருமுறைகூடப் போனதில்லை. மலாக்காவில் பிறந்து, அங்கேயே படகு இயந்திரங்களையும் அரிசி ஆலை இயந்திரங்களையும் பழுது பார்த்துப் பிழைத்தவர். ஆனால் பஞ்சாங்கம் மதராஸில் அச்சாகி வருகிறது, ராகு காலம் அதில் போட்டிருக்கிறது, ஆகவே ராகுவும் மதராஸ் நேரப்படிதான் நடமாட வேண்டும் என்பது அவர் கட்சி. அங்கே காலை ஏழரை என்றால் இங்கே ஒன்பதரை. அப்போதுதான் நமக்கு ராகு.

இதோடு நின்றிருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம். ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோவில் குருக்கள் ஒருநாள் அவரைக் கூப்பிட்டு, "ராகுவுக்குச் சூரியன்தான் கணக்கு, ஐயா. இங்கே உதிக்கிற சூரியனைத்தான் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டார். அவர் மறுக்கவில்லை. மதராஸ் கணக்கை விடவும் இல்லை. இரண்டையும் சேர்த்துக்கொண்டார்.

"சாமி சொல்றதும் சரியா இருக்கலாம், பஞ்சாங்கம் சொல்றதும் சரியா இருக்கலாம். ரெண்டையும் பாத்துட்டாப் போச்சு. என்னா நட்டம்?"

நட்டம் எங்களுக்குத்தான். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை உள்ளூர் ராகு. ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை மதராஸ் ராகு. நடுவில் அரை மணி நேரம். காலை வேலை எதுவானாலும் அந்த இடுக்கில்தான் அவர் தொடங்குவார். எமகண்டத்தையும் குளிகையையும் அவர் கண்டுகொள்ளவில்லை. அதையும் பார்த்திருந்தால் அவர் வீட்டில் அடுப்பே எரிந்திருக்காது.

ராகுவில் எதையும் தொடங்கக் கூடாது, முன்பே தொடங்கியதைத் தொடரலாம் என்பது எல்லாரும் அறிந்த விதிதான். என் அம்மாகூட வெளியூர் போகும் நாளில் நல்ல நேரம் பார்த்துப் பையைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார். பயணம் தொடங்கிவிட்டது என்று கணக்கு. பிறகு எந்த நேரத்தில் வேண்டுமானாலும் பஸ் ஏறலாம். அம்மா வருஷத்துக்கு ஒருமுறை செய்ததை அவர் தினமும் தொழிலாகச் செய்தார். நல்ல நேரம் வந்ததும் சைக்கிளில் கிளம்புவார். ஆலையில் ஒரு ஸ்குருவைத் தளர்த்துவார். மளிகைக் கடையில் மின்விசிறியின் மூடியில் இன்னொன்று. "தொடங்கியாச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார். மீதி வேலை நாளைக்கோ, நாலு நாள் கழித்தோ. புக்கிட் ரம்பாயிலிருந்து காஜா பேராங் வரை அவர் கைபட்ட இயந்திரங்களில் ஒரு ஸ்குருவாவது எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும்.

முடிவெட்டிக்கொள்வதும் அப்படித்தான். கடையில் போய் உட்கார்ந்து, காதோரம் ஒரே ஒரு வெட்டு வெட்டச் சொல்லி எழுந்துவிடுவார். மிச்சம் மறுநாள் சாயங்காலம். ஒரு காது தெரிய, மறு காது மூடியிருக்க அவர் சந்தையில் மீன் வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

என் சைக்கிளைப் பழுதுபார்க்கக் கொடுத்தேன். ஒரு பெடலைக் கழற்றி என் கையிலேயே கொடுத்து, "தொடங்கியாச்சு, கிராணி. பத்திரமா வச்சிருங்க" என்றார். கிராணி என்பது எங்கள் ஊரில் குமாஸ்தா. ஒரு வாரம் ஒற்றைப் பெடலை மிதித்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அதற்காக அவரோடு சண்டை போட முடியவில்லை. அவர் மகள் மரகதத்தை நான் கட்டிக்கொள்வதாக இருந்தது.

காஜா பேராங்கில் எங்களுடையது பக்கத்து வீடு. நானும் அம்மாவும் இங்கே. அவரும் மகளும் அங்கே. அவர் மனைவி ஜப்பான்காரன் காலத்தில் காய்ச்சலில் போய்விட்டார். அம்மா பெண் கேட்டபோது அவர் உடனே சம்மதித்தார். ஓர் ஆவணி மாதத்தில் இரண்டு கடிகாரங்களையும் பார்த்துத் தாம்பூலம் மாற்றிக்கொண்டோம். கல்யாணத்துக்கு மட்டும் நாள் கிடைக்கவில்லை. இங்கே ராகு இல்லையென்றால் அங்கே இருக்கும். இரண்டிலும் இல்லையென்றால் மதராஸில் நட்சத்திரம் மாறிவிடும். அடுத்த ஆவணியும் வந்தது. கடைசியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாம் பொருந்தி வந்தபோது, சமையலறை ஓடு ஒழுகுகிறது, அதைச் சரி செய்யாமல் விசேஷம் எப்படி என்றார். ஓட்டுக்கும் ராகுவுக்கும் என்ன சம்பந்தம் என்று அம்மா கேட்டதற்கு, "மழை வந்தா யாரு நனையறது?" என்று திருப்பிக் கேட்டார்.

அந்த வருஷம்தான் மெர்டேக்கா. சுதந்திரப் பிரகடனம் சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு மேல் என்று தெரிந்ததும் அவர் படபடத்துப் போனார். "சனிக்கிழமை ஒன்பதுலருந்து பத்தரை ராகுலா! அந்தக் கமிட்டியில நம்மாளு ஒருத்தன்கூடவா இல்ல?" இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று மரகதம் சொன்னாள். மூன்றாம் நாள் தெளிந்த முகத்தோடு எங்கள் வாசலுக்கு வந்தார். "கிராணி, பேச்சுவார்த்தை எல்லாம் போன வருஷமே லண்டன்ல தொடங்கியாச்சு இல்ல? அப்ப இது தொடர்ச்சிதான். பரவால்ல, வாங்கிக்கட்டும்."

அன்று மாலை துணி காயப்போட வந்த மரகதம் வேலிக்கு அப்பால் நின்றாள்.

"நாட்டுக்கே நாள் குறிச்சாச்சு. நம்ம வீட்டுலதான் இன்னும் வெள்ளக்காரன் ஆட்சி" என்றாள்.

"நீ ஒரு வார்த்தை அப்பாகிட்ட சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே. நல்ல நேரத்துல சொல்லலையாம்."

நான் வேலை பார்த்தது ஒரு ராவுத்தர் முதலாளியிடம். மளிகைச் சாமான் மொத்த வியாபாரம். சுமத்ராவுக்குப் போய் வர அவரிடம் ஒரு பாய்மரப் படகு இருந்தது. ஆற்றிலிருந்து வெளியேறவும் காற்றில்லாதபோது ஓட்டவும் அதில் ஒரு டீசல் இயந்திரம். அந்த ஐப்பசியில் முதலாளி என்னைக் கூப்பிட்டுச் சிங்கப்பூரில் கடை திறக்கப்போவதாகச் சொன்னார்.

"தை முடியறதுக்குள்ள நீரு அங்க போயி உக்காரணும். ரெண்டு வருஷம். கட்டிக்கிட்டுப் போவீரோ கட்டாமப் போவீரோ, அது உம்ம மாமனாருக்கும் ராகுவுக்கும் உள்ள வழக்கு. நம்மள இழுக்கக் கூடாது."

தைக்குள் கல்யாணம் நடக்காவிட்டால் நான் தனியாகப் போக வேண்டும். இரண்டு வருஷம் கழித்து நான் திரும்பும்வரை மரகதம் காத்திருக்க வேண்டும். அவள் வயதுப் பெண்களுக்கு அதற்குள் பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது. மரகதத்தின் அப்பாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். "தையிலயா? பாப்போம்" என்று பஞ்சாங்கத்தை எடுத்தார். ஒரு மாதம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கார்த்திகையில் படகின் இயந்திரம் அதிகமாகச் சூடாகிறது என்று தைக்கோங் சொன்னார். தைக்கோங் என்றால் படகோட்டித் தலைவர். எங்கள் தைக்கோங், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய காஜா பேராங் சிட்டிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். தமிழ் நாலைந்து வார்த்தைதான் வரும். அந்த நாலைந்தும் மற்றவர்களைக் கேலி செய்யப் போதுமானதாக இருந்தது.

மரகதத்தின் அப்பா வந்து பார்த்து, தண்ணீர்ப் பம்பில் கோளாறு என்றார். கடல் தண்ணீரை உறிஞ்சி இயந்திரத்துக்குள் சுற்றவிட்டுப் பக்கவாட்டுக் குழாய் வழியாக வெளியே துப்புவது அந்தப் பம்ப். அதற்குள் சுழல்வது இம்பெல்லர் என்னும் ரப்பர் சக்கரம். உள்ளங்கைக்குள் அடங்கும். சுற்றிலும் இதழ்போல் வளையும் இறக்கைகள். ரப்பரை எங்கள் பக்கம் கித்தா என்பதால் அதை அவர் 'கித்தாப் பூ' என்பார். பழைய பூ இறுகிப்போய்விட்டது, புதிது போட வேண்டும். சிங்கப்பூரிலிருந்து வரவழைத்துக் கொடுத்தோம். ஒரு புதன்கிழமை வந்து பார்த்தவர், சனிக்கிழமை பத்தரைக்கும் பதினொன்றுக்கும் நடுவில், இரண்டு ராகுவுக்கும் இடைப்பட்ட அரை மணியில் மாற்றிவிடுகிறேன் என்று சொல்லிப் போனார்.

சனிக்கிழமை அவர் பையோடு வந்தபோது படகு புறப்படத் தயாராக இருந்தது. கடலில் ஒரு கப்பல் வெங்காயத்தோடு வந்து நின்றிருந்தது. ஆற்றுவாய் மண் தூர்ந்து கிடப்பதால் நீர் ஏறியிருக்கும்போதுதான் படகு வெளியே போக முடியும். முதலாளி உடனே போகச் சொல்லிவிட்டார். சரக்கை எண்ணி வாங்க நானும் ஏறியிருந்தேன்.

"மாமா, பூவை மாத்தாமப் போகலாமா?"

மணிக்கட்டைப் பார்த்தார். சட்டைப்பையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "கிளம்புறதுக்கு அருமையான நேரம், மாப்ள! இதை விடக் கூடாது. பழைய பூ கப்பல் வரைக்கும் தாங்கும். அங்க நிக்கறப்ப மாத்திக்கலாம்." அவரும் ஏறிக்கொண்டார்.

ஆற்றுவாயைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் இயந்திரத்தின் சத்தம் மாறியது. பக்கவாட்டுக் குழாயில் தண்ணீருக்குப் பதில் வெறும் புகை வந்தது. பிறகு ரப்பர் கருகும் நாற்றம். தைக்கோங் இயந்திரத்தை நிறுத்தினார். பாயை ஏற்றிப் பார்த்தார். காற்றே இல்லை. ஈரத் துணிபோல் அது தொங்கியது. கடல் வற்றத் தொடங்கியிருந்தது. இப்படியே மிதந்தால் சேற்றுத் திட்டில் உட்கார்ந்து படகு ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

"புதுப் பூ கையில இருக்கு இல்ல? மாத்துங்க, மாமா" என்றேன்.

அவர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "பதினொன்னு தாண்டிருச்சே, மாப்ள. மதராஸ் ராகு. பன்னண்டரை வரைக்கும் பொறுங்க."

தைக்கோங் மலாயில் கத்தினார். இது மதராஸ் கடல் இல்லை, ராகு வேண்டுமானால் இறங்கி வந்து தள்ளட்டும் என்பது அதன் சாரம். நானும் கத்தினேன். பன்னிரண்டரைக்குள் நாம் சேற்றில் இருப்போம், கப்பல் வெங்காயத்தோடு போய்விடும், முதலாளி என்னைத் தைக்கு முன்பே சிங்கப்பூருக்குத் துரத்திவிடுவார் என்றேன். அவர் அசையவில்லை. கடைசியில், "பாக்கறேன். பாக்கறது வேற, கை வைக்கிறது வேற" என்று சொல்லி, இயந்திரப் பெட்டிக்குள் தலையை மட்டும் விட்டார்.

உள்ளேயிருந்து கோபக் குரல் வந்தது. "எந்த மடையன்லா பம்பு மூடியில ஸ்குருவக் கழட்டி விட்டது? காத்து புகுந்து, தண்ணி ஏறாம, பூ எரிஞ்சே போச்சு!"

தைக்கோங் அவர் முதுகையே பார்த்தார். பிறகு நிதானமாக, தனக்குத் தெரிந்த தமிழை எல்லாம் திரட்டிச் சொன்னார்.

"நீ. புதன்கெழமே. ஒரு ஸ்குரு சுத்தி... 'தொடங்கியாச்சு'. போயாச்சு."



அவர் வெட்கப்படுவார், ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்பார் என்று நான் காத்திருந்தேன். தலையை வெளியே எடுத்தபோது அந்த முகம் பண்டிகை நாள் முகம்போல் இருந்தது.

"பாத்தீங்களா மாப்ள! அன்னிக்கே தொடங்கி வச்சதாலதான இப்ப ராகுவுலயும் நான் கை வைக்க முடியுது? இல்லன்னா என்னா ஆயிருப்போம்!"

அந்த ஸ்குருவைத் தொடாமல் இருந்திருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது என்று விளக்க வாயைத் திறந்தேன். அவர் அதற்குள் சட்டையைக் கழற்றிவிட்டு வேலையில் இறங்கியிருந்தார்.

அடிக்குழாயின் அடைப்பானை மூடினார். மற்ற ஸ்குருக்களையும் கழற்றி மூடியை எடுத்தார். பழைய பூவை இரண்டு திருப்புளிகளால் நெம்பி இழுத்தார். பாதி இதழ்கள் இல்லை. அறுந்த துண்டுகள் குழாயில் போய் அடைத்துக்கொள்ளும் என்று கம்பியை வளைத்து ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துப் பலகைமேல் வைத்தார். புதுப் பூவுக்குச் சவுக்கார நுரை தடவி, தண்டு சுற்றும் பக்கமாக இதழ்களை மடக்கி உள்ளே அழுத்தினார். மூடிக்கு அடியில் வைத்திருந்த காகிதம் கிழிந்துபோயிருந்தது. என் சட்டைப்பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த நாட்குறிப்பின்மேல் அவர் கண் போனது. நான் தடுப்பதற்குள் ஒரு தாளைக் கிழித்து, மூடியின் அளவுக்குக் கத்தரித்துக்கொண்டிருந்தார். அன்றைய தேதித் தாள். என் நாட்குறிப்புகளில் விட்டுப்போன ஒரே நாள் அதுதான். அது பம்புக்குள் போய்விட்டது.

அந்தக் கோபத்தில்தான் எனக்கு அது தோன்றியது.

"மாமா, நாம தாம்பூலம் மாத்தினது நல்ல நேரத்துலதானே?"

"ரெண்டையும் பாத்துத்தான மாத்துனோம். அப்படி நேரம் லேசுல அமையாது."

"அப்ப கல்யாணம் தொடங்கியாச்சு."

அவர் நிமிரவில்லை.

"தொடங்கினதை ராகுவுலயும் தொடரலாம். இப்பத்தான் சொன்னீங்க. இனி நாள் பாக்க வேண்டியதே இல்ல. எந்த நாளும் நல்ல நாள்தான்."

மலாயில் தைக்கோங்குக்கு எடுத்துச் சொன்னேன். அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "கேனா!" என்றார். மாட்டிக்கொண்டான் என்று பொருள்.

மரகதத்தின் அப்பா சிரிக்கவில்லை. கடைசி ஸ்குரு விரல்களுக்கு நடுவில் இருந்தது. படகின் அடிப்பாகம் சேற்றை லேசாக உரசும் சத்தம் கேட்டது. அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"தொடங்கினதையெல்லாம் முடிச்சே ஆவணும்னு எந்தப் பஞ்சாங்கத்துலயும் போடல, மாப்ள" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

தைக்கோங்கூடச் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பாயைப் பார்க்கப் போய்விட்டார். பலகைமேல் கிடந்த திருப்புளியை எடுத்து அவர் பக்கம் நீட்டினேன்.

ஸ்குருவை வைத்து முறுக்கினார். அடைப்பானைத் திறந்தார். "போடு" என்றார். இயந்திரம் இருமி எழுந்தது. குழாயிலிருந்து தண்ணீர் வந்து கடலில் விழுந்தது. கைகளைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "தையில வச்சுக்குங்க" என்றார்.

தையில் நடந்தது. அன்று எந்தக் கடிகாரத்தையும் அவர் எடுத்துப் பார்க்கவில்லை. பந்தியில் எல்லாருக்கும் அவரே ஓடி ஓடிப் பரிமாறினார்.

சிங்கப்பூருக்குக் கிளம்பிய நாளில் பழைய ஆளாகிவிட்டார். விடியற்காலையிலேயே தன் வீட்டில் கட்டி வைத்திருந்த எங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் என் அம்மா வீட்டில் வைத்துப் பயணத்தைத் தொடங்கினார். பிறகு பூட்டு சரியில்லை என்று பெட்டியைத் திரும்பத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். பஸ் ஊதிக்கொண்டு நிற்கிறது, ஆளையும் பெட்டியையும் காணோம். நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. கடைசி நிமிஷத்தில் பெட்டியோடு வந்து ஏற்றிவிட்டார்.

சிங்கப்பூரில் பெட்டியைத் திறந்தால் மரகதத்தின் கூறைச் சேலையைக் காணவில்லை. எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் பரப்பிப் பார்த்தோம். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். மறுநாள் கடையிலிருந்து மலாக்காக் கடைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, அவரை அழைத்துவரச் சொன்னேன். அவர் வந்து சேர நெடுநேரம் ஆயிற்று.

"காணாமப் போவல, மாப்ள" என்று கத்தினார். தொலைபேசியில் கத்தித்தான் பேச வேண்டும் என்பது அவர் எண்ணம். "இங்க அலமாரியில இருக்கு. நான்தான் எடுத்து வச்சேன்."

"எதுக்கு?"

"பஸ்ஸுக்கு முன்னால ஒரு நல்ல நேரம் இருந்துச்சு. ரெண்டு கணக்குலயும் சுத்தமான நேரம். மரகதம் திரும்பி வர்றதைத் தொடங்கி வச்சுட்டேன்."

திட்டுவதற்கு நான் தயாராக வைத்திருந்தது நிறைய. தொலைபேசியை வைத்துவிட்டேன். வீட்டுக்குப் போய் மரகதத்திடம் சொன்னேன். அவள் காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து கேட்டாள். பிறகு மூக்கைச் சிந்தினாள்.

"அவரு தொடங்கி வச்சதை எப்ப அவரு முடிச்சிருக்காரு? நாமதான் போவணும். சித்திரைக்கு லீவு கேளுங்க" என்றாள்.